மணிலா மாலில் சீனச் சாப்பாடு: எது சீனம், எதைக் கேட்டு வாங்குவது?

கேட்டிருந்தது இது: "அடுத்த மாதம் வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு மணிலாவுக்குப் போகிறோம். ஓர்திகாஸ் பக்கம் வீடு. அங்கே மாலுக்கு நாலு சீன உணவகம் இருக்கும் என்கிறார்கள். ஆனால் அது உண்மையான சீனச் சாப்பாடே இல்லை என்று ஒரு நண்பர் சொல்கிறார். அம்மா சுத்த சைவம், பையனுக்கு ஏழு வயது. எந்த மாதிரிக் கடைக்குப் போகலாம், என்ன சொல்லி வாங்கலாம்?"

ஓர்திகாஸில் ஒன்பது வருஷம் குடியிருந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் பெரும்பாலும் அடுப்பு எரியாது. மாலில் ஏதாவது ஒரு சீன உணவகம்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பெய்ஜிங்கிலோ ஹாங்காங்கிலோ சாப்பிட்ட ருசியைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான், அது சரி. ஆனால் மணிலாவின் சீனச் சாப்பாடு நேற்று யாரோ நகலெடுத்து வந்தது இல்லை. நானூறு வருஷத்துக்கு மேல் அந்த மண்ணிலேயே சமைத்து, அந்த ஊர்ப் புளிப்பும் இனிப்பும் ஏறி, அந்த ஊர்க்காரர்களின் வீட்டுச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. எங்கள் அடுக்ககத்துக் காவலாளி காலையில் கையில் வைத்துச் சாப்பிடும் சியோபாவும் (உள்ளே கறி வைத்து ஆவியில் வேகவைத்த ரொட்டி), பக்கத்து வீட்டுப் பாட்டியின் பிறந்தநாளுக்குப் போடும் பன்சித்தும் சீனம்தான். அவர்களிடம் போய் "இது சீனச் சாப்பாடா?" என்று கேட்டால், பதில் சொல்லும் முன் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள்.

பன்சித் என்றால் நூடுல்ஸ் வகை. ஹொக்கியன் மொழியில் "சுலபமாகச் செய்த சாப்பாடு" என்ற பொருளில் வரும் சொல்லிலிருந்து பிறந்தது. தென் சீனத்தின் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து வந்தவர்கள்தான் பிலிப்பைன்ஸ் சீனர்களில் மிகப் பெரும்பான்மை. அவர்கள் பேச்சு ஹொக்கியன். மணிலாவில் பேசும் தகாலோக் மொழியின் சமையலறைச் சொற்களில் பாதி அங்கிருந்து வந்ததோ என்று தோன்றும் அளவுக்கு அது கலந்திருக்கிறது. தோயோ என்றால் சோயா சாஸ், தோக்வா என்றால் கெட்டி டோஃபு, பிஹோன் என்றால் அரிசிச் சேமியா, பெச்சாய், குச்சாய் (இரண்டும் கீரை வகை), தோகே (அது முளைகட்டிய பயறு), லும்பியா (உள்ளே காய்கறியோ கறியோ வைத்துச் சுருட்டியது), ஹோப்பியா (உள்ளே பயறு வைத்துச் சுட்ட பலகாரம்). சொந்தம் சொல்லி அழைப்பதும் அப்படியே. குயா என்றால் அண்ணன், ஆத்தே என்றால் அக்கா. இரண்டுமே ஹொக்கியனிலிருந்து வந்தவை. உணவகத்தில் பரிமாற வருபவரை "குயா", "ஆத்தே" என்றுதான் கூப்பிட வேண்டும். நம் ஊரில் ஓட்டலில் அண்ணே என்று கூப்பிடுவதற்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. கடைக்குப் போகும்முன் உங்கள் பையனுக்கு இந்த இரண்டு சொல்லையும் பழக்கிவிடுங்கள், எல்லோருக்கும் அவனைப் பிடித்துப்போகும்.

இந்த உறவு எப்போதும் இனிப்பாக இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்பானியர் ஆட்சியில் சீனர்களை மணிலாக் கோட்டைக்கு வெளியே, பீரங்கி எட்டும் தூரத்தில் ஒரு குடியிருப்பில்தான் வைத்திருந்தார்கள். மதம் மாறிய சீனர்களுக்காக 1594இல் பாசிக் ஆற்றின் அக்கரையில் பினோண்டோவை அமைத்தார்கள். உலகின் மிகப் பழைய சைனாடவுன் என்று அதைச் சொல்வது வழக்கம். 1603இல் நடந்த கலவரத்தில் ஆயிரக்கணக்கான சீனர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் வந்துகொண்டேதான் இருந்தார்கள், சமைத்துக்கொண்டேதான் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பன்சித்தேரியா என்ற பெயரில் உட்கார்ந்து சாப்பிடும் கடைகள் வந்தபோது, ஆள்பவர் மொழியில் உணவுகளுக்குப் பெயர் வைத்தார்கள். வறுத்த சோறு "மொரிஸ்கேத்தா தொஸ்தாதா" ஆயிற்று. மாவில் தோய்த்துப் பொரித்த இறால் "கமரோன் ரெபொசாதோ" ஆயிற்று. இந்தப் பெயர்களை இன்றைக்கும் மால் உணவக மெனுவில் பார்க்கலாம். சமைத்தது சீனர், பெயர் ஸ்பானியம், சாப்பிடுவது பிலிப்பினோ. எனக்கு அந்த மெனு அட்டையை வாசிப்பதே ஒரு சந்தோஷம்.

இன்னொரு பெயர் மாமி. நம்மவர்கள் முதல் தடவை பார்த்தால் சிரிப்பார்கள், ஆனால் அது ஒரு நூடுல்ஸ் சூப். இதற்குப் பின்னால் மா மோன் லுக் என்று ஒருவர் இருக்கிறார். தென் சீனத்தின் குவாங்டாங் மாகாணத்தில் பள்ளி வாத்தியார். கையில் காசில்லை என்று பெண் வீட்டார் மறுத்துவிட்டதால் 1918இல் மணிலாவுக்கு வந்தார். தோளில் கழி, அதன் இரண்டு முனையிலும் பாத்திரம், ஒன்றில் கொதிக்கும் சூப், இன்னொன்றில் நூடுல்ஸும் கோழிக்கறியும். தெருத் தெருவாக நடந்து, கேட்டவர்களுக்குக் கத்தரிக்கோலால் நறுக்கிப் போட்டுக் கொடுத்திருக்கிறார். காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிப் போய் அந்தப் பெண்ணையே கட்டிக்கொண்டார் என்று சொல்வார்கள். மாமி என்ற பெயர் அவருடைய பெயரிலிருந்து வந்தது என்பது ஊர் நம்பிக்கை. "கறி நூடுல்ஸ்" என்ற பொருளுள்ள ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்தது என்றும் ஒரு கருத்து உண்டு. எப்படியிருந்தாலும், மழைக்காலத்தில் எட்சா சாலையில் இரண்டு மணி நேரம் நெரிசலில் மாட்டிவிட்டு வந்து ஒரு கிண்ணம் மாமி குடித்தால், அந்த வாத்தியாரை நன்றியோடு நினைக்கத் தோன்றும்.

இனி மாலுக்கு வருவோம். மணிலாவில் மால் என்பது கடைத்தெரு மட்டுமில்லை. வெயிலுக்கும் திடீர் வெள்ளத்துக்கும் ஒதுங்கும் இடம். வங்கி, பல் டாக்டர், அரசு அலுவலகச் சேவை, ஏன், ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிகூட மாலுக்குள் நடக்கும். திருப்பலி முடிந்ததும் குடும்பம் குடும்பமாக உணவகத்துக்கு வருவார்கள். அந்த மால்களைக் கட்டியவர்களில் பெரியவர்களும் ஃபூஜியன் வழி வந்தவர்களே. எஸ்எம் குழுமத்தைத் தொடங்கிய ஹென்றி சீ 1924இல் அங்கே பிறந்தவர், சிறுவனாக மணிலாவுக்கு வந்து அப்பாவின் சின்னக் கடையில் வேலை பார்த்தவர். 1958இல் ஷூமார்ட் என்று செருப்புக் கடை போட்டார். எஸ்எம் என்பது அதன் சுருக்கம்தான். முதல் பெரிய மாலான எஸ்எம் சிட்டி நார்த் எட்சா 1985இல் திறந்தது. அதே 1985இல் ராபர்ட் குவான் என்பவர் சௌகிங்கைத் தொடங்கினார். பினோண்டோவின் சாப்பாட்டை வரிசையில் நின்று, தட்டில் வாங்கி, ஐந்து நிமிஷத்தில் சாப்பிடும்படி மாற்றிய கடை அது. 2000இல் பிலிப்பைன்ஸின் விரைவு உணவு நிறுவனமான ஜாலிபீ அதை வாங்கிக்கொண்டது. மாலும் சீன விரைவு உணவும் இப்படி ஒன்றாகவே வளர்ந்ததால்தான் ஒன்றில்லாமல் மற்றொன்றைப் பார்க்க முடிவதில்லை.

உங்களுக்கு மூன்று விதமான கடை கண்ணில் படும். முதலாவது சௌகிங் மாதிரியான விரைவு உணவு. அங்கே லாவ்ரியாட் என்று ஒரு தட்டு உண்டு. சோறு, கோழியோ பன்றியோ ஒரு துண்டு, கொஞ்சம் பன்சித், ஒரு சியோமாய்க் கொழுக்கட்டை, கடைசியில் எள் ஒட்டிய புச்சி உருண்டை என்று எல்லாம் ஒரே தட்டில் வரும். லாவ்ரியாட் என்பது உண்மையில் பத்துப் பன்னிரண்டு வகை போடும் சீன விருந்துக்குப் பெயர். கோலாகலம் என்ற பொருளில் வரும் ஹொக்கியன் சொல். அந்த விருந்தை ஒரு தட்டுக்குள் அடக்கியிருக்கிறார்கள். பையன் பசிக்கிறது என்று அழ ஆரம்பித்தால் யோசிக்காமல் இங்கே போங்கள். பக்கத்து மேசையில் ஹாலோ ஹாலோ சாப்பிடுவார்கள், ஐஸைச் சீவி அதன்மேல் பயறும் பழமும் ஐஸ்கிரீமும் போட்டது. அதையும் கேட்பான், வாங்கிக் கொடுங்கள்.

இரண்டாவதைக் கடைசியில் சொல்கிறேன். மூன்றாவது வகை வெளிநாட்டிலிருந்து வந்த பெயர்கள். ஹாங்காங்கின் டிம் ஹோ வான் 2014இலும் தைவானின் டின் டாய் ஃபங் 2015 இறுதியிலும் ஓர்திகாஸில் இருக்கும் எஸ்எம் மெகாமால் பக்கம் கடை திறந்தன. நன்றாகவே இருக்கும். உங்கள் நண்பருக்கு அவை பிடிக்கும்.

நான் சொல்ல வந்தது நடுவில் இருக்கும் இரண்டாவது வகையை. வெள்ளை மேசைவிரிப்பு இருக்கும், அதன்மேல் கண்ணாடி போட்டிருப்பார்கள். பெரிய மேசையின் நடுவில் சுழலும் தட்டு. வாசல் பக்கம் மீன் தொட்டி. சுவரில் சிவப்பும் பொன்னும். முதலாளி குடும்பம் பெரும்பாலும் ஹொக்கியன், சமையல் பாணி பெரும்பாலும் காண்டன், அதாவது குவாங்டாங் பாணி. இது ரொம்ப நாளாகவே இப்படித்தான்: ஃபூஜியன்காரர்கள் வியாபாரத்துக்கு வந்தார்கள், உணவகச் சமையலில் குவாங்டாங்காரர்கள் பேர் எடுத்தார்கள். அதனால் ஹொக்கியன் வீட்டுச் சமையலைச் சாப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் மால் போதாது, ஒரு சனிக்கிழமை காலையில் பினோண்டோவின் ஓங்பின் தெருவுக்குப் போக வேண்டும். அது தனிக் கதை.

இந்தக் கடைகளில் ஒரு மதிய நேரம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். உட்கார்ந்ததும் தேநீர்க் கெண்டி வரும், கூடவே ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணி. சோயா சாஸ் மேசையிலேயே இருக்கும். ஒரு தட்டில் பாதியாக வெட்டிய கலமான்சி பழம். நம் எலுமிச்சையில் கால்வாசி அளவு, உள்ளே ஆரஞ்சு நிறம், எலுமிச்சையும் கமலாவும் கலந்த வாசனை. அதைக் கிண்ணியில் பிழிவதற்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. வெட்டிய பக்கத்தை ஸ்பூனுக்கு மேலே வைத்துப் பிழிந்தால் விதை ஸ்பூனில் தங்கிவிடும். பிறகு சோயா சாஸ் இரண்டு சொட்டு. கடைசியாக ஒரு சின்னக் கண்ணாடி ஜாடியைத் திறப்பார்கள். அடியில் பூண்டும் மிளகாயும் கருகாமல் வறுபட்டுப் படிந்திருக்கும், மேலே சிவந்த எண்ணெய். அடியிலிருந்து கிளறி எடுத்துப் போட வேண்டும், மேலாக எடுத்தால் வெறும் எண்ணெய்தான் வரும். நான் முதல் ஆறு மாதம் மேலாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பக்கத்து மேசையிலிருந்த ஒரு வயதான அம்மா எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் என் ஜாடியை அடிவரை கிளறிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்தக் கிண்ணியைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஏனென்றால் நமக்கு அங்கே முதலில் படும் குறை காரமே இல்லை என்பதுதான். கோபி மஞ்சூரியன் கிடையாது, ஷெஸ்வான் ஃப்ரைட் ரைஸ் கிடையாது. பிலிப்பினோ நாக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு மூன்றையும் விரும்பும். காரத்தைச் சமையலில் போடாமல் தனியாக மேசையில் வைப்பார்கள். வேண்டியவர் வேண்டிய அளவு கலந்துகொள்வார்.

சரி, என்ன வாங்கலாம்? மெனுவில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவு போட்டிருப்பார்கள். உங்கள் வீட்டுக்குச் சிறியதே போதும், அதுவே இரண்டு மூன்று பேர் சாப்பிடலாம். நீங்கள் அசைவம் என்றால் சியோமாயில் தொடங்குங்கள். பன்றியும் இறாலும் சேர்த்து ஆவியில் வேகவைத்தது, கிண்ணியில் தோய்த்துச் சாப்பிட அதுதான் சரி. அப்புறம் பன்சித் காண்டன், மஞ்சள் முட்டை நூடுல்ஸ், மேலே காய்கறியும் கறியும் கெட்டிக் குழம்பாக ஊற்றியது. நூடுல்ஸை வெட்டாமல் சாப்பிடுவது மரபு; நீளம் ஆயுசுக்கு அடையாளம், பிறந்தநாளுக்கு அதனால்தான் கட்டாயம் இருக்கும். மேசைக்கு மேசை யாங் சௌ ஃப்ரைட் ரைஸ் இருக்கும், அதில் பன்றியும் இறாலும் முட்டையும் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். கூட்டமாகப் போகும்போது பாத்தா திம் வாங்குங்கள். நட்சத்திர சோம்பு போட்டு மணிக்கணக்கில் வேகவைத்த பன்றிக்கால், ஸ்பூன் பட்டாலே எலும்பைவிட்டுக் கழன்று வரும். பையனுக்குப் பொரித்த மந்தாவ் ரொட்டி வாங்கிக் கொடுங்கள், கூடவே கண்டென்ஸ்டு மில்க் வரும். முடிவில் மாம்பழமும் ஜவ்வரிசியும் பாலும் சேர்த்த இனிப்பு. தகாலோக்கில் மாம்பழத்துக்கு மாங்கா என்று பெயர். நம் மாங்காய் மலாய் வழியாகப் போய்ச் சேர்ந்தது என்று மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

அம்மா விஷயத்தில்தான் நீங்கள் உண்மையிலேயே கவனமாக இருக்க வேண்டும். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்காராதீர்கள். காய்கறி நிறைய இருக்கும் உணவு என்றுதான் பலர் அதைப் புரிந்துகொள்வார்கள். என் அத்தை வந்திருந்தபோது ஒரு கடையில் பீன்ஸ் பொரியல் கேட்டோம், காய்கறி மட்டும் என்று இரண்டு முறை சொன்னோம். வந்த தட்டில் பீன்ஸுக்கு நடுவே பொடிப்பொடியாகப் பன்றிக்கறி. பரிமாறிய பெண் மனசு நொந்துபோனாள். அவளைப் பொறுத்தவரை அது வாசனைக்குப் போடுவது, கறி என்று கணக்கில் வராது. அத்தை அன்றைக்கு வெறும் சோறும் தேநீருமாக எழுந்தார். எனக்கு இன்னும் அது உறுத்துகிறது, ஏனென்றால் சரியாகக் கேட்கத் தெரியாதவன் நான்தான்.

இப்படிச் சொல்லுங்கள்: "வாலாங் பாபோய், வாலாங் மனோக், வாலாங் இஸ்தா, வாலாங் ஹீபோன் போ." பன்றி, கோழி, மீன், இறால் எதுவும் வேண்டாம் என்று அர்த்தம், கடைசியில் வரும் போ என்பது நம் "ங்க" மாதிரி மரியாதைக்கு. அதோடு ஆய்ஸ்டர் சாஸ் (கடல் சிப்பியில் செய்தது) வேண்டாம், சூப் ஊற்ற வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். காய்கறிக்குப் பளபளப்பு வர ஆய்ஸ்டர் சாஸும், ருசிக்குக் கோழி சூப்பும் பெரும்பாலும் சேரும். பூண்டு மட்டும் போட்டு வதக்கிய கங்கோங் கீரை, டோஃபு, வெள்ளைச் சோறு, இதைத் தனியாகச் செய்து தரச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மெனுவில் லோ ஹான் சாய் இருந்தால் அது புத்தத் துறவிகள் சாப்பாட்டு வழியில் வந்த காய்கறிக் கலவை, ஆனால் அதிலும் ஆய்ஸ்டர் சாஸ் இருக்கலாம், கேட்டுவிடுங்கள். ஹோப்பியாவின் மேல்மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது உண்டு. தாஹோ பயமில்லாமல் சாப்பிடலாம்: இளஞ்சூடான மிருதுவான டோஃபு, மேலே வெல்லப்பாகு, ஜவ்வரிசி. காலையில் தெருவிலும் வரும், தோளில் கழி, இரண்டு பக்கமும் தகர வாளி. மா மோன் லுக் நடந்த மாதிரியே.

சில மால்களின் பொது உணவுக்கூடத்தில் புத்த மரபுச் சைவக் கடை ஒன்று ஓரமாக இருக்கும். முட்டைகூட இல்லாமல், சிலவற்றில் வெங்காயம் பூண்டுகூட இல்லாமல் சமைப்பார்கள். சோயாவில் செய்த கறி வடிவங்கள் அம்மாவுக்குப் பார்க்கவே பிடிக்காமல் போகலாம், பக்கத்திலிருக்கும் காய்கறியைக் காட்டி வாங்கிக் கொடுங்கள். குடிவந்த முதல் வாரமே அப்படி ஒரு கடை உங்கள் மாலில் இருக்கிறதா என்று தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

பில் விஷயம் சுருக்கமாக. விரல்களால் காற்றில் ஒரு கட்டம் வரைந்து காட்டினால் பில் வரும், கூப்பிடத் தேவையில்லை. 12 சதவீத வாட் வரி பெரும்பாலும் விலையிலேயே சேர்ந்திருக்கும். சேவைக் கட்டணம் தனியாக, பல இடங்களில் 10 சதவீதம். 2019இல் வந்த சட்டப்படி அந்தப் பணம் முழுவதும் ஊழியர்களுக்கே போக வேண்டும், அதனால் மனம் கோணாமல் கொடுங்கள். 60 வயது நிரம்பியவர்களுக்கு 20 சதவீதத் தள்ளுபடியும் வாட் விலக்கும் உண்டு. அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான், அம்மாவுக்குக் கிடைக்காது. ஞாயிறு மதியம் எந்த மேசையிலும் பாட்டியோ தாத்தாவோ மூத்த குடிமக்கள் அட்டையை எடுத்து நீட்டுவதைப் பார்ப்பீர்கள், பில்லில் அவர் பங்கு மட்டும் கழியும். மீந்ததைக் கட்டித் தரச் சொல்வதில் யாருக்கும் கூச்சம் கிடையாது, நீங்களும் கேளுங்கள்.

முதல் ஞாயிறு பதினொன்றரை மணிக்கே போய்விடுங்கள். பன்னிரண்டு தாண்டினால் திருப்பலிக் கூட்டம் வந்துவிடும், பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்க வேண்டும். சுழலும் தட்டுள்ள மேசை கேளுங்கள், பையனுக்காக. கிளம்பும்போது கல்லாப் பக்கம் அந்த மிளகாய்ப் பூண்டு எண்ணெய் ஜாடி விற்கிறார்களா என்று பாருங்கள், பல கடைகளில் உண்டு. என்னென்ன சேர்த்திருக்கிறது என்று வாசித்துவிட்டு இரண்டு வாங்குங்கள். வீட்டில் தயிர்சாதத்துக்கு அம்மா தொட்டுக்கொள்ள ஒன்று, உங்களுக்கு ஒன்று.